ஹாஸ்டலில் ஹவுஸ் பிரிக்கப் போறீங்களா? சாயங்காலம் ஆரம்பிச்சு சாயங்காலமே முடிச்சிடுங்க

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் போதும், எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் வேலை பார்க்கிற யாராவது ஒருத்தர் போன் போட்டு, "சார், இந்த வருஷம் ஹவுஸ் பிரிக்கச் சொல்லிட்டாங்க, எப்படிப் பிரிக்கிறது, பிரிச்சா பசங்க அடிச்சிக்க மாட்டாங்களா" என்று கேட்கிறார். பி.டி. (உடற்கல்வி) ஆசிரியராக 11 வருஷம், வார்டனாக 9 வருஷம் வடசென்னையில் பையன்களோடு கத்திக் கத்தித் தொண்டை போனவன் நான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். பையன் ராத்திரி அங்கேயே படுத்துத் தூங்குகிற பள்ளிக்குத்தான் இது. நாலு மணிக்கு மணி அடித்ததும் வீட்டுக்குப் போகிற பள்ளி என்றால் இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் அந்தக் கேள்விக்கு பதில். ஹவுஸ் பிரிப்பது, அதாவது பையன்களைப் பெயரும் கலரும் வைத்த அணிகளாகப் பிரித்துப் போட்டி வைப்பது, கெடுதலா? மைதானத்தோடு நின்றால் கெடுதல் இல்லை, பல பையன்களுக்கு நல்லதே. கட்டில், தட்டு, குளிக்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டால் கெடுதல்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டையில் அணி பிரிந்து மோதிய ஊர் இது. போட்டியில் வெறி இருந்தது, மானப் பிரச்சினை இருந்தது, எல்லாம் இருந்தது. ஆனால் மேடையை விட்டு இறங்கியவன் ராத்திரி வீட்டுக்குப் போய் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். தோற்றிருந்தாலும் அங்கே அவன் ஒருத்தருக்கு மகன், ஒருத்திக்கு அண்ணன். ஹாஸ்டல் பையனுக்கு அந்த வாசற்படி கிடையாது. ரிலேயில் கட்டையைக் கீழே போட்டவன், அதே ஹவுஸ்காரர்களோடு பல் தேய்த்து, அதே ஹவுஸ்காரர்களோடு வரிசையில் நின்று உப்புமா வாங்கி, விளக்கணைத்த பிறகும் அவர்களுக்கு நடுவிலேயே படுக்க வேண்டும். தோற்றவன் கொஞ்ச நேரமாவது வேறு ஆளாக இருக்க ஓர் இடம் வேண்டுமே!

இந்த வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஈட்டன், ஹாரோ மாதிரியான பழைய விடுதிப் பள்ளிகளில் ஹவுஸ் என்றால் நிஜமாகவே வீடு, பையன்கள் தங்கிய கட்டடம், அதற்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர் கூடவே குடியிருப்பார். அதை ரொம்பப் புகழவும் வேண்டாம், சின்னப் பையன்கள் பெரிய பையன்களுக்கு எடுபிடி வேலை செய்கிற கொடுமையும் அந்த வீடுகளுக்குள்தான் தலைமுறை தலைமுறையாக நடந்தது. அப்புறம் டே ஸ்கூல்கள் வீட்டை விட்டுவிட்டுப் பெயர், கலர், கப் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டன. நாம் என்ன செய்கிறோம் என்றால் அந்தப் பெயர், கலர், கப்பைத் திரும்ப ஹாஸ்டலுக்குள் கொண்டுவருகிறோம், கூடவே குடியிருக்க வேண்டிய ஆளை மட்டும் போடுவதில்லை. 180 பையனுக்கு 2 வார்டன், ஒரு வாட்ச்மேன் என்பதுதான் நான் பார்த்த கணக்கு.

சரி, செய்முறைக்கு வருவோம்.

ஜூனில் பிரிக்காதீர்கள். புதுப் பையன் வந்து இறங்கிய முதல் வாரமே கையில் சிவப்பு பனியனைக் கொடுக்கிற அவசரம் யாருக்கும் இல்லை. ஒன்றரை, இரண்டு மாதம் எல்லோரும் ஒன்றாகவே கிடக்கட்டும். காசிமேட்டுப் பையன், மீஞ்சூர் பையன், கும்மிடிப்பூண்டிப் பையன், எல்லாரும் ஒரே பக்கெட்டுக்கு அடித்துக்கொண்டு, ஒரே கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்து, யாருக்கு யாரோடு ஒத்துப்போகிறது என்று தாங்களே கண்டுபிடிக்கட்டும். ஆகஸ்டில் பிரியுங்கள். இது என் சொந்தச் சரக்கு மட்டும் இல்லை. முசாபர் ஷெரீப் என்ற சமூக உளவியல் ஆய்வாளர் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 22 பையன்களை, எல்லாருக்கும் பதினொரு வயது சுமார், கோடை முகாமுக்கு அழைத்துப் போய், முதலிலிருந்தே இரண்டு கூட்டமாக, ஒரு கூட்டம் இருப்பது இன்னொரு கூட்டத்துக்குத் தெரியாமலே தங்க வைத்தார். பிறகு போட்டி வைத்தார். கயிறு இழுத்தார்கள், பேஸ்பால் ஆடினார்கள், சில நாளிலேயே ஒருத்தர் கொடியை ஒருத்தர் கொளுத்தி, ராத்திரியில் ஒருத்தர் அறைக்குள் ஒருத்தர் புகுந்து கலாட்டா செய்கிற அளவுக்குப் போய்விட்டது. இந்தக் கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்லாத கதை அதற்கு முந்தைய வருஷத்தது. 1953-இல் நியூயார்க் மாநிலத்தில் இதே ஆள் இதே வேலையைச் செய்து பார்த்தார், ஆனால் அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழக விட்டுவிட்டு அப்புறம் பிரித்தார். சண்டை பிடிக்கவில்லை. நம்மை யாரோ மூட்டிவிடுகிறார்கள் என்று பையன்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது, முகாமைப் பாதியில் மூட வேண்டியதாயிற்று. ஆய்வாளருக்கு அது நஷ்டம், வார்டனுக்கு அதைவிட நல்ல செய்தி உண்டா?

எப்படிப் பிரிப்பது: சீட்டுக் குலுக்கல். பையன்களை விருப்பப்படி சேர விடாதீர்கள், விட்டால் ஒரே ஏரியாக்காரன் ஒரே ஹவுஸ் ஆகிவிடுவான், அப்புறம் அது ஹவுஸ் இல்லை, ஏரியா. வடசென்னையில் ஏரியா என்ற வார்த்தைக்கு என்ன கனம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குலுக்கி முடித்த பிறகு நீங்கள் தனியாக உட்கார்ந்து பட்டியலை ஒருமுறை பாருங்கள். ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே மதம், ஒரே மீடியம் என்று எங்காவது குவிந்திருந்தால் சத்தம் போடாமல் நாலு பேரை மாற்றிவிடுங்கள், காரணத்தைப் பையன்களிடம் விளக்க வேண்டாம். அண்ணன் தம்பி இருந்தால்? தம்பி ஆறாம் வகுப்பு என்றால் அண்ணன் ஹவுஸிலேயே போடுங்கள், அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும்.

பெயர் வைப்பதில் ரொம்ப மெனக்கெட வேண்டாம், ஆனால் சேரன், சோழன், பாண்டியன் என்று வைத்துவிட்டு, எங்கே பார்த்தாலும் சண்டை வருகிறதே என்று கேட்காதீர்கள், அவர்கள் மூன்று பேரும் வாழ்நாள் முழுக்க அதைத்தானே செய்தார்கள். மத்திய அரசின் நவோதயா விடுதிப் பள்ளிகள் தமிழ்நாட்டில் இல்லை, மற்ற மாநிலங்களில் இருக்கிறவற்றில் ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று மலைப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பர் 14 அன்று 'மகிழ் முற்றம்' என்று தொடங்கிய திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழு. எனக்கு இது பிடித்திருக்கிறது. நெய்தலும் மருதமும் ஒன்றை ஒன்று ஜெயித்ததாகக் கதை எதுவும் கிடையாது. (பாலை கிடைத்த பையன்கள் மட்டும் முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், ரெண்டு நாளில் சரியாகிவிடும்.)

கலர்தான் பெரிய விஷயம். தமிழ்நாட்டில் சாதி அடையாளமாக மணிக்கட்டில் கட்டுகிற கலர் கயிறுக்கு என்ன அர்த்தம் என்று ஆறாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கலர் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற அடையாளங்களைப் பள்ளிக்குள் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்படி ஒரு மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, பையன் காலையிலிருந்து ராத்திரி வரை உடம்பில் ஒரு கலரோடு திரியட்டும் என்று நாமே சட்டம் போடலாமா? கைப்பட்டை வேண்டாம், பேட்ஜ் வேண்டாம், ஹவுஸ் கலர் பெட்ஷீட் அறவே வேண்டாம் (ஓர் இடத்தில் பார்த்தேன், வயிறு எரிந்தது). யூனிபார்ம் மேலே மாட்டிக் கழற்றுகிற கலர் பனியன் போதும். அதுவும் பையனிடம் இருக்கக் கூடாது. ஸ்டோர் ரூமில் மூட்டையாக இருக்கட்டும், மைதானத்துக்குப் போகும்போது கொடுங்கள், திரும்பும்போது வியர்வையோடு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். துவைக்கிற செலவு பள்ளியுடையது. நிர்வாகம் முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும்.

கட்டில். நான் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு ஹாலில் ஒரே ஹவுஸ்காரர்களைப் போடாதீர்கள். கணக்கு வைக்க வசதி, எண்ணிக்கை எடுக்க வசதி, பெட்டி தொலைந்தால் தேட வசதி என்று ஆயிரம் வசதி சொல்வார்கள். எல்லாம் பெரியவர்கள் வசதி. ஹாலில் இருக்கிற 20 கட்டிலில் நாலு ஹவுஸும் கலந்து கிடக்க வேண்டும். மெஸ்ஸில் டேபிளும் அப்படித்தான், சாயங்காலம் படிக்கிற நேரமும் அப்படித்தான். மைதானத்தில் எதிரியாக நின்றவன்தான் ராத்திரி ஒன்பது மணிக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான் என்றால், எந்த ஹவுஸ் தலைவனாலும் பெரிதாக எதையும் மூட்டிவிட முடியாது.

இப்போது பாயிண்ட். இதில் நானே செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வார்டனாகி இரண்டாவது வருஷம். பையன்கள் காலை பிரேயருக்கு லேட்டாக வருகிறார்கள் என்று ஒரு யோசனை செய்தேன். யார் லேட்டாக வந்தாலும் அவன் ஹவுஸுக்கு 5 பாயிண்ட் கழிக்கப்படும். அருமையாக வேலை செய்தது, ஒரே வாரத்தில் எல்லாரும் டாண் என்று நின்றார்கள், நானும் நம்மைவிட புத்திசாலி யார் என்று திரிந்தேன். மூன்றாவது வாரம், ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் சாப்பிடும்போது தோளைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். கேட்டால் கட்டிலிலிருந்து விழுந்தேன் என்றான். அவனுக்கு ராத்திரியில் படுக்கை நனைகிற பிரச்சினை இருந்திருக்கிறது, விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் பெட்ஷீட்டை அலசிப் போட்டுவிட்டு வருவதால்தான் லேட். மூன்று நாளில் 15 பாயிண்ட் போயிருக்கிறது. அவன் ஹவுஸ் பையன்கள் போர்வையை மேலே போட்டு மூடி, யார் அடித்தது என்று தெரியாதபடி அடித்திருக்கிறார்கள். அடித்தவர்கள் ரவுடிப் பையன்கள் இல்லை, அதில் ரெண்டு பேர் எனக்குப் பிடித்த பையன்கள். நான் கையில் பிரம்பு எடுக்காமலே அவனை அடித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் பாயிண்ட் விஷயத்தில் ஒரே ஒரு சட்டம்: கூட்டலாம், கழிக்கக் கூடாது. ஒருத்தன் செய்ததற்குக் கூட்டத்துக்குத் தண்டனை கிடையாது, லேட், அழுக்கு, சத்தம், மார்க் குறைவு எதற்கும். அது அவனுக்கும் உங்களுக்கும் நடுவில் முடிய வேண்டிய விஷயம். தேர்வு மதிப்பெண்ணுக்குப் பாயிண்ட் கொடுக்கவே கொடுக்காதீர்கள், கொடுத்தால் படிப்பு வராத பையனை யாரும் தங்கள் ஹவுஸில் வைத்துக்கொள்ள விரும்ப மாட்டார்கள். விளையாட்டு, பேச்சுப்போட்டி, நாடகம், கேரம், செஸ், தோட்டம் என்று விதவிதமாக வையுங்கள், ஓடத் தெரியாதவனும் ஏதோ ஒன்றில் தேவைப்பட வேண்டும். ஹவுஸ் முறையில் உண்மையிலேயே நல்ல விஷயம் அதுதான். திக்கித் திக்கிப் பேசுகிற பையனை நான் போய் மேடை ஏறு என்றால் ஏற மாட்டான், எங்களுக்கு ஆள் குறையுதுடா, நீ வாடா என்று அவன் ஹவுஸ் அண்ணன் கூப்பிட்டால் ஏறிவிடுவான். பார்த்திருக்கிறேன்.

பாயிண்ட் பலகையை ஒவ்வொரு டெர்ம் முடிவிலும் அழித்துப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பியுங்கள். வருஷம் முழுக்கக் கணக்கு ஓடினால் அக்டோபரிலேயே கடைசியில் இருக்கிற ஹவுஸ் கையை விட்டுவிடும், விட்டவனுக்குப் பொழுது போக வேண்டுமே, அங்கேதான் வம்பு ஆரம்பிக்கும். ரோலிங் ஷீல்டு (ஜெயிக்கிற ஹவுஸுக்குக் கைமாறிக்கொண்டே போகிற கேடயம்) வேண்டுமா என்று கேட்டால் எனக்கு வேண்டாம். நிர்வாகம் ஆண்டு விழாவில் போட்டோவுக்கு வேண்டும் என்று கேட்டால் கொடுத்துத் தொலையுங்கள், ஆனால் அதை மெஸ்ஸில் மாட்டாதீர்கள்.

பாயிண்ட் வித்தியாசம் எவ்வளவு என்பதைப் பையன்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இன்னொரு பழைய ஆய்வு உண்டு. ஹென்றி தஜ்ஃபெல் என்பவர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்களை, 14, 15 வயதுக்காரர்கள், சும்மா ஒரு காரணம் சொல்லி, திரையில் எத்தனை புள்ளி என்று எண்ணச் சொல்லி, எந்த ஓவியம் பிடிக்கும் என்று கேட்டு, இரண்டாகப் பிரித்தார். யார் யாரோடு என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் காசு பங்கு போடச் சொன்னார். பையன்கள் தங்கள் கூட்டத்துக்கு மொத்தமாக அதிகம் கிடைப்பதைவிட, எதிர்க் கூட்டத்தைவிட எவ்வளவு அதிகம் என்பதைத்தான் அதிகமாகப் பார்த்தார்கள். தன் கூட்டத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் கூட்டத்துக்கு இன்னும் குறைய வேண்டும். ஒரு புள்ளிக்கே இப்படி என்றால் ரோலிங் ஷீல்டுக்கு என்ன நடக்கும்?

ஹவுஸ் கேப்டனுக்கு வேலை கொடுங்கள், அதிகாரம் கொடுக்காதீர்கள். அணி எழுதுவது, பந்து வாங்கி வைப்பது, புதுப் பையனுக்குக் குழாயடியைக் காட்டுவது எல்லாம் அவன் வேலை. தோப்புக்கரணம் போடச் சொல்வது, பெயர் எழுதிக் கொடுப்பது, சின்னப் பையனிடம் துணி துவைக்கக் கொடுப்பது எதுவும் அவன் வேலை இல்லை. டெர்முக்கு ஒரு கேப்டன் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். நம் ஊர் பஸ்ஸில் ரூட்டு தல (ஒரே பஸ் ரூட்டில் வருகிற காலேஜ் பசங்களுக்குத் தலைவன்) என்று ஒன்று இருக்கிறதே, ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடுவதில் ஆரம்பித்து அரிவாளில் போய் முடிகிற அந்தக் கதை, அதுவும் ஒரே ஆளை ரொம்ப நாள் தல தல என்று கூப்பிட்டதில் வந்த வினைதான்.

ஒற்றுமை வளர்க்கிறேன் என்று எல்லா ஹவுஸையும் ஒன்றாக உட்கார வைத்துப் படம் போடுவது, விருந்து வைப்பது இதெல்லாம் பெரிதாக உதவாது. ஓக்லஹோமாவில் ஷெரீபும் முதலில் அதைத்தான் செய்து பார்த்தார், சாப்பாட்டை எடுத்து ஒருத்தர் மேல் ஒருத்தர் வீசினார்கள். வேலை செய்தது எது என்றால் பொதுக் கஷ்டம். முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றுபோனது, இரண்டு கூட்டமும் சேர்ந்து அடைப்பைத் தேடியது. சாப்பாடு ஏற்றிவர வேண்டிய லாரி நகராமல் நின்றது, எல்லாருமாகச் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள், முன்பு எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிறு. அவர் இதையெல்லாம் வேண்டுமென்றே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை, 2019 கோடையில் மெட்ரோ வாட்டர் லாரிக்காகக் காத்திருந்த ஹாஸ்டல்களைக் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. பையன்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று அரிசி மூட்டையையும் டிரங்குப் பெட்டியையும் கைமாற்றி மாடிக்கு ஏற்றினார்கள், எவன் எந்த ஹவுஸ் என்று யாருக்கு ஞாபகம் இருந்தது? தண்ணீர் வடிந்த பிறகும் ரெண்டு மூன்று மாதம் அந்த வாசனை போகவில்லை, சேற்று வாசனையும் சரி, மற்றதும் சரி. புயல் வரும் வரை காத்திருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை தொட்டி கழுவுவது, மெஸ்ஸுக்கு வெங்காயம் உரிப்பது, ஆண்டு விழாப் பந்தல் போடுவது, இவற்றை ஹவுஸ் கலந்த அணியாகச் செய்ய விடுங்கள், இதற்குப் பாயிண்ட் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெற்றோர்களுக்கும் கொஞ்சம். விசிட்டிங் சண்டேக்கு வரும்போது "நல்லா இருக்கியா" என்று கேட்காதீர்கள், எல்லாப் பையனும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வான். (காசிமேட்டு அப்பாக்களை ஏப்ரல் 15-க்கு முன்னால் விசிட்டிங் சண்டேயில் பார்ப்பதே அபூர்வம், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால்தான் வருவார்கள், அதற்குள் வருஷமே முடிந்துவிடும். முடிந்தால் அம்மாவையாவது அனுப்புங்கள்.) பக்கத்துக் கட்டிலில் யார், நேற்று யாரோடு சாப்பிட்டாய், வேற ஹவுஸ்ல உனக்கு ஃப்ரெண்டு யாரு என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் விசாரிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் டே நெருங்கும்போது வயிற்றுவலி என்று சொன்னாலும், சோப்பும் பனியனும் திரும்பத் திரும்பத் தொலைந்தாலும் அப்படியே. முதலில் வார்டனிடம் பேசுங்கள். அவர் "பசங்கன்னா அப்படித்தான்" என்று சொன்னால் தலைமை ஆசிரியர், அங்கேயும் நகரவில்லை என்றால் 1098 குழந்தைகள் உதவி எண், பள்ளிக்கல்வித் துறையின் 14417. புகார் செய்தால் பிள்ளையைக் கட்டம் கட்டுவார்கள் என்று பயப்படாதீர்கள், பேசாமல் இருந்தால் ஏற்கெனவே கட்டம் கட்டியவர்கள் தொடர்ந்து செய்வார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எங்கள் ஹாஸ்டலில் ஏற்கெனவே எல்லாம் தலைகீழாகப் போய்விட்டதே, இப்போது என்ன செய்வது என்று கேட்கிற வார்டன்களுக்கு: நடு வருஷத்திலும் திருத்தலாம். பாயிண்ட் பலகையைக் கழற்றி உள்ளே வையுங்கள், ஒரு டெர்ம் போட்டியே வேண்டாம். கலர் பனியன்களை வாங்கி மூட்டை கட்டுங்கள். கேப்டன்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், கூட்டத்தில் வைத்துத் திட்டாதீர்கள், திட்டினால் அவன் தியாகி ஆகிவிடுவான். அப்புறம் கட்டிலை மாற்றுங்கள். அதை ராத்திரியில் செய்யாதீர்கள், சனிக்கிழமை காலையில் செய்யுங்கள், பையன்களுக்கு ஒரு பகல் முழுக்கப் புது இடத்தில் புழங்க நேரம் கிடைக்கும். யாருக்கு எந்தக் கட்டில் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள், அங்கே நின்று பேரம் பேச இடம் கொடுக்காதீர்கள். மெஸ்ஸில் சொல்லி அன்றைக்கு மத்தியானம் பிரியாணி போட்டுவிடுங்கள். அழுதுகொண்டு பெட்டியைத் தூக்கிப் போனவன்கூட இரண்டாம் தடவை தட்டை நீட்டிக்கொண்டு வருவான்.